ஏரிக்கு ஜாதகம் கணித்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. புள்ளியியல்னு ஆரம்பிச்சா பாதிப் பேர் ஜன்னலை மூடிட்டுப் போயிடுவீங்கன்னு தெரியும் (பிரவுசர் ஜன்னலைச் சொன்னேன் :-)). கொஞ்சம் பொறுங்க. இதுல ஏரி வருது, சோப்புத்தூள் கம்பெனிகள் வருது, ஒரு ஏரிக்கு நடுவுல திரை கட்டின ஆசாமிகள் வர்றாங்க. கடைசியில ஒரு ஏரிக்கரையில எத்தனை வீடு கட்டலாம்னு பேப்பரும் பென்சிலும் வச்சுக் கணக்குப் போடப் போறோம்.

கதை நடக்கிற இடம் கனடா. பெரும்பாலும் ஒன்டாரியோ மாகாணம். பாறை பூமி, காடு, நடுவுல எண்ணி முடியாத சின்னச் சின்ன ஏரிகள்.

1960களில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏரிகள் பச்சையாக ஆரம்பித்தன. ஈரி ஏரி செத்தே போச்சுன்னு பத்திரிகைகள் எழுதின. நிஜத்தில் நடந்தது சாவு இல்லை, அளவுக்கு மீறின சாப்பாடு. சாக்கடையும் வயல் உரமும் சோப்புத்தூளும் வந்து சேர, பாசி கொழுத்து வளரும். வளர்ந்த பாசி செத்து அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்னும். மீன் மூச்சு முட்டிச் சாகும். இவ்வளவும் அப்பவே தெரியும். தெரியாதது ஒண்ணுதான்: எவ்வளவு வந்தா அதிகம்? ஒரு ஏரி தாங்கும், பக்கத்து ஏரி தாங்காது. ஏன்?

இந்தக் கேள்விக்கு முதலில் ஒரு படம் வரைஞ்சவர் ரிச்சர்ட் ஃபோலன்வைடர். சுவிட்சர்லாந்துக்காரர், இத்தாலிய ஏரிகளில் வேலை பார்த்தவர், பிறகு கனடா போனவர். பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஈசிடிக்காக 1968இல் ஒரு அறிக்கை எழுதினார். அவர் புது ஏரி எதையும் போய் அளக்கலை. மத்தவங்க அளந்து வச்சிருந்ததை எல்லாம் திரட்டினார். ஒவ்வொரு ஏரிக்கும் வருஷத்துக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வருதுன்னு ஒரு அச்சு, சராசரி ஆழம் எவ்வளவுன்னு இன்னொரு அச்சு. ரெண்டும் மடக்கை அளவில், அதாவது லாக் பேப்பரில். புள்ளிகளை வச்சுப் பார்த்தா, தெளிஞ்ச ஏரிகள் ஒரு பக்கம், பச்சை ஏரிகள் இன்னொரு பக்கம்னு பிரிஞ்சு நின்னுது. நடுவுல ரெண்டு கோடு போட்டார். கீழ்க்கோடு வரை பரவாயில்லை, மேல்கோட்டைத் தாண்டினா ஆபத்து.

அவ்வளவுதான் விஷயம். ஏரிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வரி விளக்கம் அந்தக் கோட்டில் கிடையாது. பல ஏரிகளைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வச்சு, யார் யார் மாதிரி இருக்காங்கன்னு பார்க்கிற வேலை. அப்போதைய ஏரி ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒவ்வொரு ஏரியும் தனி உலகம். ஒரே ஏரியில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவங்களுக்கு முன்னாடி வந்து, உங்க ஏரி ஒரு புள்ளின்னு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஆனா அவரைவிடப் பெரிய எதிர்ப்பு வேற பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் காலச் சோப்புத்தூளில் பாஸ்பேட் தாராளமா இருந்தது. குற்றவாளி பாஸ்பரஸ் இல்லை, கார்பன்தான்னு ஒரு வாதம் 1960களின் கடைசியில் கிளம்பியது. சோப்புத்தூள் தொழிலுக்கு அது கரும்பு தின்னக் கூலி மாதிரி. புள்ளிகளையும் கோட்டையும் காட்டினா, ரெண்டு விஷயம் சேர்ந்து ஏறுதுங்கறதுக்காக ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடுமான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கேட்டவங்க நோக்கம் எதுவா இருந்தாலும் கேள்வி நியாயம்.

பதில் சொன்னது சின்ன ஏரிகள். ஒன்டாரியோவின் வடமேற்கு மூலையில், கெனோரா ஊர்ப் பக்கம், மனுஷ நடமாட்டம் இல்லாத காட்டில் 58 சின்ன ஏரிகளை ஆராய்ச்சிக்குன்னே 1968இல் ஒதுக்கினாங்க. சோதனைக்குழாய்க்குப் பதிலா முழு ஏரி! அதை நடத்தியவர் டேவிட் ஷிண்ட்லர். ஏரிகளுக்குப் பேர் கூட இல்லை, நம்பர்தான்.

227ஆம் நம்பர் ஏரியில் கார்பன் ரொம்பக் கம்மி. அதில் 1969 முதல் பாஸ்பரஸும் நைட்ரஜனும் மட்டும் கொட்டினாங்க, கார்பன் போடலை. கார்பன் வாதம் சரின்னா பாசி வளரக் கூடாது. வளர்ந்து தள்ளியது. வேண்டிய கார்பனைப் பாசி காற்றிலிருந்தே எடுத்துக்கிச்சு.

அடுத்தது 226. நடுவில் இடுப்பு சிறுத்து, உடுக்கை மாதிரி இருக்கும் ஏரி. அந்த இடுப்பில் 1973இல் பிளாஸ்டிக் திரை போட்டு ரெண்டாகப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும். இன்னொரு பாதிக்கு அதே ரெண்டும், கூடவே பாஸ்பரஸும். அந்த செப்டம்பரில் மேலிருந்து எடுத்த போட்டோவில் ஒரு பாதி கருநீலம், இன்னொரு பாதி பச்சைப் பாயசம். நடுவில் திரை ஒரு கோடாகத் தெரியும். அதுக்கப்புறம் கார்பன் வாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை. என்னைக் கேட்டா நூறு ரிக்ரஷன் செய்ய முடியாததை அந்த ஒரு போட்டோ செய்தது. ஆனா அந்தப் போட்டோவால் செய்ய முடியாத ஒண்ணு இருக்கு. எவ்வளவுன்னு அது சொல்லாது.

எவ்வளவுன்னு சொன்னவங்க ரெண்டு பேர்: டொரண்டோவில் ஃபிராங்க் ரிக்லரும் அவர் மாணவர் பீட்டர் டில்லனும். தெற்கு ஒன்டாரியோவின் 19 ஏரிகளை எடுத்துக்கிட்டாங்க. வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும் சில நாள், மேல் தண்ணியும் அடித் தண்ணியும் ஒண்ணாப் புரண்டு ஏரி முழுக்க ஒரே சீராக இருக்கும். அப்போ ஒரு பாட்டில் எடுத்து பாஸ்பரஸ் பார்த்தா போதும், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கோடையில் அதே ஏரியில் பாசி எவ்வளவுன்னு பார்க்கணும். பாசியை நேரா எண்ண முடியாது, அதனால அதோட பச்சையத்தை அளந்தாங்க. வேற வட அமெரிக்க ஏரிகளின் அளவுகளையும் சேர்த்து, ரெண்டையும் லாக் எடுத்து, ஒரு நேர்கோடு. 1974இல் வெளியிட்டாங்க.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு. ஜப்பானில் சகமோட்டோ என்பவர் 1966லேயே ஜப்பானிய ஏரிகளை வச்சு இதே மாதிரி ஒரு கோடு போட்டிருந்தார். வேற கண்டம், வேற பாறை, வேற மழை. ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்தது! கட்டுரைச் சுருக்கத்திலேயே அதைச் சொல்லியிருக்காங்க. சொல்லாம இருக்க முடியுமா?

கோட்டின் சூத்திரம் இது: பச்சையத்தின் லாக் = 1.449 × பாஸ்பரஸின் லாக் − 1.136. (லாக் 10ஐ அடியாகக் கொண்டது, ரெண்டும் லிட்டருக்கு மைக்ரோகிராமில்.) போட்டுப் பாருங்க. பாஸ்பரஸ் 10 இருந்தா பச்சையம் 2 சொச்சம், தண்ணி பளிங்கு. 20 ஆனா 5.6. 40 ஆனா 15. அதாவது பாஸ்பரஸ் ரெண்டு மடங்கானா பாசி ரெண்டே முக்கால் மடங்கு. ஏரிக்காரங்க சொல்ற "போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்ற புலம்பலில் பாதி இந்த 1.449க்குள்ள இருக்கு.

இன்னொரு பக்கம் ஃபோலன்வைடரும் சும்மா இருக்கலை. ஆழம் மட்டும் போதாது, தண்ணி எவ்வளவு நாள் ஏரியில் தங்குதுங்கறதும் வேணும்னு தன் கணக்கை அவரே திருத்தினார். 1976இல் வந்த வடிவம் அழகானது. வர்ற தண்ணியில் சராசரியா இருக்கிற பாஸ்பரஸை எடுத்துக்கோங்க. தண்ணி தங்கும் காலத்தை வருஷத்தில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தோட ஒண்ணைக் கூட்டி, அதால வகுங்க. ஏரியின் பாஸ்பரஸ் கிடைக்கும். ஒரு வருஷம் தங்கினா பாதி. நாலு வருஷம் தங்கினா மூணில் ஒண்ணு. மீதி? அடியில் வண்டலாப் படிஞ்சு போச்சுன்னு அர்த்தம். இந்த "படிஞ்சு போச்சு" என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வில்லனா வரும்.

இப்போ வீட்டுக் கணக்கு. டொரண்டோவாசிகளுக்கு ஏரிக்கரையில் கோடை வீடு, அவங்க பாஷையில் காட்டேஜ், வாழ்நாள் கனவு. ஒவ்வொரு காட்டேஜுக்கும் ஒரு செப்டிக் டேங்க். அதில் வர்ற பாஸ்பரஸ் ஒருநாள் ஏரிக்கு வந்து சேரும். டில்லனும் ரிக்லரும் 1975இல் அடுத்த கட்டுரை போட்டாங்க. ஏரி எப்படி இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அங்கிருந்து பின்னோக்கி வந்து எத்தனை வீடு தாங்கும்னு கண்டுபிடிக்கலாம்னாங்க. அவங்க தங்கும் பாஸ்பரஸுக்கு வேற சூத்திரம் வச்சிருந்தாங்க. நான் எளிமைக்காக ஃபோலன்வைடர் சூத்திரத்தையே எடுத்து ஒரு கற்பனை ஏரிக்குப் போடுறேன்.

50 ஹெக்டேர் ஏரி. சராசரி ஆழம் 6 மீட்டர். ஆக 30 லட்சம் கனமீட்டர் தண்ணி. ஒரு வருஷம் தங்குது, அப்போ வருஷத்துக்கு 30 லட்சம் கனமீட்டர் உள்ளே வந்து வெளியே போகுது. பச்சையம் 5ஐத் தாண்டக் கூடாதுன்னு ஊர் முடிவு பண்ணுது. கோட்டைத் திருப்பிப் போட்டா பாஸ்பரஸ் 18 வரைக்கும் போகலாம். பாதி படிஞ்சுடும், அதனால வர்ற தண்ணியில் 36 இருக்கலாம். வருஷத்துக்கு 108 கிலோ. காடும் மழையும் இயற்கையாவே கொண்டு வர்றது 60 கிலோன்னு வைங்க. மிச்சம் 48. ஒரு ஆள் வருஷம் முழுக்க இருந்தா 0.8 கிலோன்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. 48ஐ 0.8ஆல் வகுத்தா 60 ஆள். நாலு பேர் குடும்பம் மூணு மாசம் வந்து தங்கினா ஒரு ஆள் கணக்கு. ஆக 60 காட்டேஜ். முடிஞ்சது!

ஒரு பாட்டில் தண்ணி, ஒரு வரைபடம், ஒரு கால்குலேட்டர். நகராட்சி ஆபீஸில் உட்கார்ந்துக்கிட்டே 61வது ஆளுக்கு மனை இல்லைன்னு சொல்லிடலாம். ஒன்டாரியோ அரசு இந்த வழியை எடுத்துக்கிட்டு, ஏரிக்கரைத் தாங்குதிறன் கணக்குன்னு பேர் வச்சு, பல வருஷம் திருத்தி, 2010இல் கையேடாவே போட்டது. அதில் ஆளுக்கு 0.66 கிலோ.

61வது ஆள் சும்மா இருப்பாரா? அவர் வக்கீலோட வந்து, "அந்த 18 எவ்வளவு நிச்சயம்?"னு கேட்டா என்ன செய்யறது?

இங்கதான் லாக் பேப்பரின் வித்தை. அதில் புள்ளிகள் கோட்டை ஒட்டி அழகா நிக்கற மாதிரித் தெரியும். ஆனா லாக் அளவில் 0.3 விலகல்னா நிஜத்தில் ரெண்டு மடங்கு அல்லது பாதி. கண்ணுக்குச் சுண்டுவிரல் அகலம், ஏரியில் தெளிஞ்ச தண்ணிக்கும் பாசிக்கும் உள்ள தூரம். நம்ம கற்பனை ஏரியில் 18க்குப் பதிலா 15னு வைங்க. 90 கிலோ, இயற்கை போக 30, வீடு 37. மூணு மைக்ரோகிராமில் 23 பேரோட மனை போச்சு. இயற்கையா வர்றது 60 இல்லை 70னு வச்சா இன்னும் குறையும். இந்தத் தடுமாற்றத்தைக் கணக்கோட சேர்த்தே சொல்லணும்னு 1970களின் கடைசியிலிருந்து விடாம எழுதினவர் அமெரிக்காவின் கென்னத் ரெக்கோ. ஒரே எண்ணா சொல்லாதீங்க, இதிலிருந்து இதுக்குள்ளன்னு சொல்லுங்கங்கறது அவர் கட்சி. ஆனா சட்டத்துக்கு ஒரே எண்தான் பிடிக்கும்.

இது சில்லறைத் தப்பு இல்லைங்கறது என் அபிப்பிராயம். நூறு ஏரியைப் பார்த்துப் போட்ட கோடு, ஏரிகளைப் பற்றி உண்மை சொல்லும். உங்க ஏரியைப் பற்றிச் சொல்லும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபோலன்வைடரின் படம் ஏரிகளைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி எடுத்த குரூப் போட்டோ. அதை வச்சு ஒரே ஏரி காலப்போக்கில் எப்படி மாறும்னு சொல்றது வேற வேலை. பத்து வயசுப் பசங்களையும் நாப்பது வயசு ஆட்களையும் வரிசையா நிக்க வச்சுப் பார்த்துட்டு, இந்தப் பையன் நாப்பதில் இப்படித்தான் இருப்பான்னு சொல்ற மாதிரி.

நிஜத்தில் கோடு காலை வாரின இடங்கள் உண்டு. மின்னசோட்டாவில் ஈலி என்ற சின்ன ஊர்ப் பக்கம் ஷகாவா ஏரி. ஊர்ச் சாக்கடையால் கெட்டது. 1973இல் பாஸ்பரஸைப் பிரிச்செடுக்கும் நவீன சுத்திகரிப்பு ஆலை வந்தது. வெளியிலிருந்து வர்ற பாஸ்பரஸ் சுமார் 80 சதவீதம் குறைஞ்சது. தண்ணி தங்குறதே ஒரு வருஷத்துக்கும் கம்மி, அதனால சீக்கிரமே தெளியணும். தெளியலை. கோடைக்குக் கோடை பாசி வந்துக்கிட்டே இருந்தது. ஏன்னா "படிஞ்சு போச்சு"ன்னு கணக்கில் கழிச்சோமே, அது போகலை. அடி வண்டலில் உட்கார்ந்திருந்தது. ஆக்ஸிஜன் குறையும் கோடை மாசங்களில் மறுபடி கரைஞ்சு மேல வந்தது. ஆலை கட்டியும் அடியில் இருந்த பழைய கடன் தீரலை. வேடிக்கை என்னன்னா, இந்த ஏரியில் வருஷக்கணக்கா வேலை பார்த்த டேவிட் லார்சன், ஏரிகள் எவ்வளவு பாஸ்பரஸைப் பிடிச்சு வச்சுக்கும்னு 1976இல் புகழ் பெற்ற ஒரு சூத்திரம் போட்டவர்களில் ஒருவர். சூத்திரம் போட்டவரே, அது பொருந்தாத ஏரியை அளந்து, பொருந்தலைன்னு எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரைப் பிடிக்கும்.

ஸ்வீடனில் ட்ரும்மென் ஏரிக்கும் இதே கதி. 1950களின் முடிவில் சாக்கடையை நிறுத்தியும் பத்து வருஷமா தேறலை. 1970, 71இல் மேல்வண்டலை உறிஞ்சித் தூர் வாரினாங்க, அப்புறம்தான் தண்ணி மாறியது. தூர் வாரணும்னு நம்ம ஊர்ப் பெருசுங்க சொன்னா ஆழத்துக்காகன்னு நினைப்போம். வண்டலுக்குள்ள இருக்கிற சத்தையும் சேர்த்து வெளியே எடுக்கிற வேலை அது.

இன்னொரு சிக்கல். 2010 கையேடு ஏரிக்கு நேரடி வரம்பு மட்டும் வைக்கலை. மனுஷன் வர்றதுக்கு முன்னாடி இருந்த அளவைவிட 50 சதவீதம் வரைக்கும் கூடலாம்னு வச்சது. மனுஷன் வர்றதுக்கு முன்னாடி யார் அளந்தா? யாரும் இல்லை. அதையும் மாடல்தான் சொல்லணும். ஏரிக்கு எதிர்காலம் மட்டுமில்லாம முன்ஜென்மமும் கணிக்கிற வேலை :-)

அதைச் சரிபார்க்க வேற ஒரு கூட்டம் வந்தது. டயட்டம்னு கண்ணாடி ஓடு உள்ள நுண்பாசி ஒண்ணு இருக்கு. செத்தாலும் ஓடு வண்டலில் பத்திரமா இருக்கும். எந்த வகைக்கு எவ்வளவு பாஸ்பரஸ் பிடிக்கும்னு இன்றைய ஏரிகளிலிருந்து கத்துக்கிட்டு, பழைய வண்டல் அடுக்கில் எந்த ஓடு இருக்குன்னு பார்த்து, அன்றைய பாஸ்பரஸைச் சொல்லிடலாம். இதுவும் ரிக்ரஷன்தான், பின்னோக்கிப் போற ரிக்ரஷன். குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்மோல் குழு ஒன்டாரியோ ஏரிகளில் இதைச் செய்தது. சில ஏரிகளில் 1850க்கு முன்னாடி பாஸ்பரஸ் இப்போதைவிட அதிகமாவே இருந்திருக்குன்னு தெரிய வந்தது. காட்டேஜ் வந்தால் ஏறும், அதுக்கு முன்னாடி இறங்கியிருக்கும்னு எல்லாரும் நினைச்சதுக்கு நேர் எதிர்.

நைட்ரஜன் சண்டை ஒண்ணு தனியா ஓடியது. 227ஆம் ஏரிக்கு நைட்ரஜன் போடுவதை 1990இல் நிறுத்தினாங்க, பாசி நிக்கலை. சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே அதையும் எடுத்துக்கும். அதனால பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தினா போதும்னு ஷிண்ட்லர் குழு 2008இல் எழுத, எல்லா நீர்நிலைக்கும் அது செல்லாதுன்னு மத்தவங்க பதில் எழுத, ஒரே ரகளை. அது தனிப் பதிவு கேட்கும்.

அந்தச் சோதனை ஏரிகளையே மூடப் போறோம்னு கனடா மத்திய அரசு 2012இல் அறிவிச்சது. பெரிய எதிர்ப்பு. கடைசியில் 2014இல் வின்னிபெக்கில் இருக்கிற ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு மாறிப் பிழைச்சது. அந்தக் காட்டில் 1968இலிருந்து வருஷம் தவறாம எழுதி வச்ச அளவுகள் இருக்கு. மாடல் யார் வேணும்னாலும் ஒரு சாயங்காலத்தில் போட்டுடலாம், இப்போ கம்ப்யூட்டரே போட்டுத் தருது. அந்த நோட்டுப் புத்தகங்களை யாராலும் திரும்ப உட்கார்ந்து எழுத முடியாது. ஷிண்ட்லர் 2021இல் காலமானார்.

ஒன்டாரியோவில் 1996இல் ஆரம்பிச்ச ஒரு திட்டமும் உண்டு. காட்டேஜ்காரங்களே படகில் போய், கயிற்றில் கட்டின கறுப்பு வெள்ளைத் தட்டை இறக்கி, எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறையுதுன்னு குறிச்சு அனுப்பணும். வசந்தத்தில் ஒரு குப்பி தண்ணி பிடிச்சு பாஸ்பரஸ் பார்க்க லேபுக்கும் அனுப்பணும். 60 வீட்டுக்காரரும் 61வது ஆளும் ஒரே தட்டைத்தான் இறக்கணும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. மேலே கொடுத்த சூத்திரத்தை உங்க ஊர் ஏரிக்கு அப்படியே போட்டுப் பார்த்துடாதீங்க. அது பனி உறைஞ்சு உருகி, வசந்தத்தில் ஒருமுறை முழுசாப் புரளும் ஏரிகளில் பிறந்தது. நம்ம ஏரி ஆளுயரம், சித்திரையில் பாதி வத்திடும், காத்து அடிச்சாலே அடி வண்டல் கலங்கும். எந்த நாள் எடுத்த பாட்டில் பதம்னு எப்படிச் சொல்றது? வெப்பநாட்டு ஏரிகளுக்குன்னு சலாஸ், மார்ட்டினோ ரெண்டு பேர் லத்தீன் அமெரிக்க ஏரிகளை அளந்து 1991இல் தனிக் கோடு போட்டிருக்காங்க. ஆரம்பிக்கிறதா இருந்தா அங்கிருந்து ஆரம்பிக்கலாம். அவங்க எடுத்துக்கிட்டதிலும் அணைகளும் ஆழமான ஏரிகளும்தான் அதிகம், வத்திப் போகிற ஏரி இல்லை.